வீட்டுக் காப்பீடு எதைக் காக்கும், எதைக் காக்காது: பெரம்பலூர், அரியலூர் வீடுகளை முன்வைத்து ஓர் உரை



விழா மேடையில் வீட்டுக் காப்பீடு பற்றிய உரையா என்று சிலர் வியக்கலாம். ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வாழ்நாள் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், பெரும்பகுதி நான்கு சுவர்களாகவும் ஒரு கூரையாகவும் நிற்பது தெரியும். இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுதோறும் காப்பீடு புதுப்பிக்கப்படுகிறது; அதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே இருபது முப்பது இலட்சம் செலவிட்டு எழுப்பிய வீடு பல குடும்பங்களில் யாதொரு காப்புமின்றி இருக்கிறது. காப்பு எடுத்தவர்களிலும் பலர் தம் பாலிசியைப் பீரோவில் வைத்ததோடு சரி. எந்த நிகழ்வுக்கு அது பணம் தரும், எதற்குத் தராது என்பதை இழப்பு நேர்ந்த பின்னரே வாசிக்கிறார்கள்.

இவ்வுரை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பணி நிமித்தம் இங்கே குடியேறி மனை வாங்கியவர்களும், வந்தவாசி, செஞ்சிப் பக்கத்தில் முன்னோர் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இந்த மண்ணே விடை சொல்லும். அரியலூருக்குத் தெற்கே கொள்ளிடம், பெரம்பலூருக்கு வடக்கே வெள்ளாறு, நடுவே மருதையாறு. பல ஊர்களில் கரிசல் மண். அதற்கடியில் ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்குச் சான்றாகச் சுண்ணாம்புக்கல். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் அந்தக் கடற்காலத்தின் எச்சமே. அந்தச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டும் சுரங்கங்களும், அதை அரைக்கும் சிமென்ட் ஆலைகளும் அரியலூரின் அடையாளமாகிவிட்டன. வெள்ளம், மண்ணின் அசைவு, பாறை வெடிப்பு, கோடைத் தீ ஆகிய நான்கும் ஒருங்கே சுவரைத் தொடும் இடம் இது. காப்பீட்டுப் பத்திரத்தின் விதிகளை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும்.

முதலில் ஓர் அடிப்படை. சுவரில் விழுந்த விரிசலைப் பார்த்து எந்த நிறுவனமும் பணம் தருவதில்லை. விரிசல் ஏன் விழுந்தது என்றே கேட்கிறது. ஒரே அளவான சேதம், ஒரு காரணத்தால் நேர்ந்தால் முழு இழப்பீடு பெறும். வேறொரு காரணத்தால் நேர்ந்தால் ஒரு ரூபாயும் பெறாது. வீட்டுக் காப்பீட்டின் வகைகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இந்தியாவில் வீட்டுக் காப்பீட்டின் தாய்வேர் நெருப்புக் காப்பீடு. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி நான்கு அரசு நிறுவனங்களின் கீழ் வந்தது. அவற்றுள் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குத் தலைமையிடம் சென்னை. பின்னர்த் தனியார் நிறுவனங்களும் வந்தன. 2007 முதல் பிரீமிய விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. விதிகளின் வாசகமோ சாதாரண மக்களுக்கு எட்டாததாகவே இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பாலிசியைக் கொண்டுவந்தது. அடிப்படை விதிகள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே என்பது இதன் பெரிய நன்மை. வாங்குபவர் விலையையும், இழப்பீடு வழங்குவதில் அந்த நிறுவனத்துக்கு உள்ள பெயரையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். ஓராண்டுக்கும் எடுக்கலாம், அதிக அளவாகப் பத்தாண்டுக்கும் எடுக்கலாம்.

இந்தப் பாலிசி கட்டடத்துக்கு மட்டும் எடுக்கத்தக்கது. வீட்டினுள் உள்ள பொருள்களுக்கு மட்டும் எடுக்கத்தக்கது. இரண்டுக்கும் சேர்த்தும் எடுக்கத்தக்கது. சொந்த வீட்டில் வாழ்பவருக்கு இரண்டும் வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்குக் கட்டடம் வீட்டுக்காரருடையது. ஆயினும் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, கட்டில், துணிமணி எல்லாம் தம்முடையவை. வாடகை வீட்டுக்கு எதற்குக் காப்பீடு என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவருக்கோ கட்டடக் காப்பு மட்டும் போதும். காப்பிலடங்கிய நிகழ்வால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், வாடகை வருமான இழப்பும் மாற்று வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையும் வரம்புக்குட்பட்டு இதில் அடங்கும்.

கட்டடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. சுற்றுச்சுவர், வாயிற்கதவு, தாழ்வாரம், வண்டி நிறுத்தும் கொட்டகை, கழிவுநீர்த் தொட்டி, நிலையான தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சூரிய மின்தகடு ஆகியவையும் கட்டடத்தில் அடங்கும். காப்புத்தொகையைக் கணக்கிடும்போது இவற்றின் மதிப்பையும் சேர்த்திருக்க வேண்டும். அண்மையில் சூரிய மின்தகடு பதித்தவர்கள் பழைய பாலிசியின் தொகையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனி நிகழ்வுகளுக்கு வரலாம்.

வெள்ளம் முதலாவது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் ரயில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்ததும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் இம்மாவட்டத்து முதியோர் பலருக்கும் தெரிந்த செய்தி. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறு ஒரே இரவில் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது திருச்சியில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே சரிந்தன. அதே ஆறு கிழக்கே ஓடித் திருமானூர் வட்டாரத்துக் கரையோர ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. வெள்ளம், நீர் தேங்குதல், புயல், சூறாவளி, மின்னல், நிலநடுக்கம் ஆகியவற்றால் நேரும் சேதம் பாரத் கிருஹ ரக்ஷாவில் அடிப்படைக் காப்பிலேயே அடங்கும்; தனியாகக் கேட்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று அண்டை மாவட்டமான கடலூரில் கரையேறிய 'தானே' புயலைக் கண்டவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும். மரம் கூரைமேல் விழுந்தாலும், நெடுஞ்சாலையோர வீட்டுச் சுவரில் லாரி மோதினாலும் 'மோதல் சேதம்' என்ற பெயரில் அவையும் அடங்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைகளில் வாழ்பவர்களுக்கு இது வெறும் ஏட்டு விதியன்று. மேல்தளத் தொட்டி உடைந்து நீர் கீழ் வீட்டில் வழிந்தாலும் காப்பு உண்டு.

அரசு நிவாரணம் தராதா என்று கேட்பவர் உண்டு. தரும். 2022 முதல் 2026 வரையிலான ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு உரிய தொகை 1,20,000 ரூபாய். இன்றைய விலையில் அடித்தளம் போட்டு நிமிர்வதற்குள் அது தீர்ந்துவிடும்.

அடுத்தது தீ. அகல் விளக்கு திரைச்சீலையில் பற்றினாலும், எரிவாயு உருளை வெடித்தாலும், அடுத்த வீட்டுத் தீ காற்றில் பரவி வந்தாலும் பாலிசி பணம் தரும். மகாவீரர் முக்தி பெற்ற நாளாகத் தீபாவளியன்று வரிசையாக விளக்கேற்றும் இல்லங்களில் இந்த முதல் வகை பற்றிக் கேள்வி எழுவது இயல்பு. எதிர்பாராமல் நேர்ந்த தீ என்றால் ஐயமில்லை, காப்பு உண்டு. நுட்பமான வேறுபாடு மின்சாரத்தில் இருக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் கருகியது என்றால், அந்தப் பெட்டிக்குப் பணம் வராது. மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், அதிகச் சுமை ஆகியவற்றால் அந்தக் கருவிக்கே நேர்ந்த பழுது விலக்கப்பட்டிருக்கிறது. அதே பெட்டியிலிருந்து தீ கிளம்பி அலமாரியும் கதவும் எரிந்தால், அலமாரிக்கும் கதவுக்கும் பணம் வரும். கருவிகளின் உட்பழுதுக்கு வீட்டுடைமையாளர் தொகுப்புப் பாலிசி என்ற வேறொரு வகையில் தனிப் பிரிவு உண்டு.

பெரம்பலூர்ப் பக்கத்து வேளாண் குடும்பங்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நாடு இது. அறுவடை முடிந்து விலை ஏறும்வரை விளைபொருளை வீட்டு முன்னறையிலோ மாடியிலோ அடுக்கி வைப்பது வழக்கம். விற்பனைக்காக வைத்த பொருள் வீட்டுப் பொருளாகக் கருதப்படாது.  வீட்டின் ஒரு பகுதியில் கடையோ பட்டறையோ நடத்துவோரும் அதை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. அவர்களுக்கென்று, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு, அதே 2021இல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனிப் பாலிசி வந்திருக்கிறது.

கரிசல் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காப்பீட்டில் மக்கள் பெரிதும் ஏமாற்றம் அடையும் இடம் இதுவே. மழைக்காலத்தில் கரிசல் நீர் குடித்து உப்புகிறது. கோடையில் காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேலே நிற்கும் வீடு ஆண்டுதோறும் இந்த மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், கோடையில் இறுகிக்கொண்டு மழையில் திறக்கும் கதவு, தரைக்கும் சுவருக்கும் இடையே விழும் பிளவு ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டுக்காரர் பாலிசியைப் புரட்டுகிறார். 'வீடு நிற்கும் நிலம் தாழ்தல்' என்ற சொல் காப்புப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது. மகிழ்ச்சியோடு விண்ணப்பிக்கிறார். மறுப்புக் கடிதம் வருகிறது.

காரணம் அந்த வரிக்கு அடியில் உள்ள விலக்குகள். புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் விழும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குதல், ஆற்றங்கரை அரிப்பு, தவறான வடிவமைப்பு, தரக்குறைவான வேலை அல்லது பொருள், கட்டுமானம், பழுதுபார்ப்பு, அகழ்வுப் பணி ஆகியவற்றால் நேரும் சேதம் நிலம் தாழ்தல் காப்பில் சேராது. கரிசலில் மேலோட்டமான அடித்தளம் போட்டுவிட்டு விரிசல் கண்டால், இழப்பு மதிப்பீட்டாளர் அதை வடிவமைப்புக் குறையென்றே எழுதுவார். அவர் அப்படி எழுதுவதில் நியாயமும் உண்டு. ஏரியை ஒட்டிய பள்ளத்தை மண்ணடித்து உயர்த்தி விற்ற மனைகளுக்கும் இதே கதிதான். பாலிசியின் தொடக்க வாசகமே, எதிர்பாராத நிகழ்வால் நேரும் சேதம் என்றுதான் சொல்கிறது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் மண்ணின் அசைவு எதிர்பாராதது ஆகாது.

ஆகவே கரிசலில் வீடு கட்டுவோர் இந்த இடருக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எதிர்பார்க்காமல் அடித்தளத்திலேயே போட்டுவிட வேண்டும். உருர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே, அடிப்பகுதி குமிழ்போல அகன்ற கான்கிரீட் தூண் அடித்தளத்தை வகுத்துத் தந்திருக்கிறது. ஆழமான கரிசலில் அது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரை இறங்கி, ஈரம் மாறாத மண்ணில் கால் ஊன்றும். எல்லாச் சிறு வீட்டுக்கும் அது வேண்டியதில்லை. எது வேண்டும் என்பதை மண் ஆய்வு செய்த பொறியாளரே சொல்ல வேண்டும், கொத்தனார் அன்று. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவான சிமென்ட் தளம் இட்டு மழைநீர் சுவரோரம் இறங்காமல் செய்வது, பெரிய மரங்களைச் சுவரை ஒட்டி வளர்க்காமலிருப்பது ஆகிய எளிய காரியங்கள் ஏற்கனவே கட்டிய வீட்டுக்கும் உதவும்.

சுரங்க வெடிப்பு இதனோடு பின்னியது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களில், நண்பகலில் வெடி வைக்கும்போது பாத்திரங்கள் அதிர்வதையும் அதனால் சுவர் வெடித்ததாகவும் மக்கள் சொல்வது வழக்கம். பாலிசியில் 'வெடிப்பு' என்ற சொல் இருக்கிறது. ஒருநாள் நேர்ந்த ஒரு வெடிவிபத்தால் கதவும் சுவரும் சிதைந்தால், நாளும் நேரமும் காரணமும் தெளிவாக இருப்பதால் அந்தச் சொல் துணை நிற்கும். ஆண்டுக்கணக்கான அதிர்வால் சிறுகச் சிறுக விழுந்த விரிசலுக்கு அந்தச் சொல்லை நம்பியிருப்பது பயன் தராது. எந்த நாளில் நேர்ந்த சேதம் என்ற கேள்விக்கே விடை இருக்காது. கரிசலால் விழுந்ததா வெடியால் விழுந்ததா என்பதையும் பிரித்துச் சொல்ல இயலாது.

அந்தக் குறைக்கு வேறு வாசல் இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கை, சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமல்லாத குடியிருப்பு வீடுகளுக்கு நில அதிர்வின் உச்ச வரம்பை வகுத்திருக்கிறது. அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் குறைவாயின் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. கருவி வைத்து அளந்து மீறல் இருந்தால் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு அந்த இயக்ககத்துக்கு உண்டு. ஊரார் தனித்தனியே காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டுவதைவிட, ஒன்றுகூடி மாவட்ட ஆட்சியர் வழியாக அதிர்வு அளவீடு கோருவது பலன் தரும். சுரங்கம் நெருங்கி வருமுன்பே சுவர்களைத் தேதியோடு படமெடுத்து வைத்திருப்பவரின் முறையீட்டுக்குத் தனி வலு உண்டு.

அடுத்த கேள்வி, எவ்வளவு தொகைக்குக் காப்பு எடுப்பது என்பது. இதில் இரண்டு தவறுகள் பரவலாக உள்ளன. வீட்டின் சந்தை விலையை எழுதுவது ஒன்று. சந்தை விலையில் மனையின் விலையும் அடங்கும். மனை எரிவதில்லை, அடித்துச் செல்லப்படுவதும் அரிது. பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய செலவை எழுதுவது மற்றொன்று. சரியான கணக்கு எளியது. வீட்டின் உட்பரப்பை, இன்று அதேபோல் கட்ட ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவால் பெருக்க வேண்டும். 900 சதுர அடி உட்பரப்பு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால், கட்டடக் காப்புத்தொகை 18 இலட்சம். கட்டடத்துக்குக் காப்பெடுத்தவருக்கு அதில் 20 விழுக்காடு, அதாவது 3,60,000 ரூபாய், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேரும். இதற்கு உச்ச வரம்பு 10 இலட்சம். அதற்கு மேல் வேண்டுமாயின் பட்டியலிட்டுக் கூடுதல் பிரீமியம் செலுத்தலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எடுத்தால், காப்புத்தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானே உயரும். சிமென்ட் ஊரிலேயே சிமென்ட் விலை ஏறும் காலத்தில் இது சிறிய உதவியன்று.

பழைய பாலிசிகளில் ஒரு கொடுமை இருந்தது. 20 இலட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 10 இலட்சத்துக்கே காப்பு எடுத்திருந்தால், 4 இலட்சம் சேதத்துக்கு 2 இலட்சமே தருவார்கள். பாதிக் காப்புக்குப் பாதி இழப்பீடு. பாரத் கிருஹ ரக்ஷா இந்த விதியைக் கைவிட்டுவிட்டது. காப்புத்தொகைக்கு உட்பட்டு முழுச் சேதமும் தரப்படும். இதற்காகக் குறைத்து எழுதலாம் என்று பொருளன்று. முழு வீடும் போனால் குறைத்து எழுதிய தொகைதான் கைக்கு வரும்.

வீட்டுப் பொருள்களில் நகை, வெள்ளிப் பாத்திரம், பழம்பொருள், ஓவியம் ஆகியவை தனி. அவை பொதுப் பொருள்களோடு தாமாகச் சேரமாட்டா. 'விலையுயர்ந்த பொருள்கள்' என்ற விருப்பக் காப்பை எழுத்தால் கேட்டுப் பெற வேண்டும். மொத்த மதிப்பு 5 இலட்சத்துக்குள்ளும், ஒரு பொருள் 1 இலட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்கமாட்டார்கள். வங்கிப் பெட்டகத்தில் வைத்த நகைக்கு வேறு கணக்கு. 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி நெறிப்படி, வங்கியில் தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவை நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையே. 2,000 ரூபாய் வாடகைப் பெட்டகத்துக்கு 2 இலட்சம். வங்கியின் கவனக்குறைவு இல்லாத இயற்கைப் பேரிடர் இழப்புக்கு அதுவும் இல்லை. இல்லறத்தார் நோன்பாகத் தம் உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்வது சமண மரபு. அதற்காக எழுதிய பட்டியல் எந்த வீட்டிலேனும் இருந்தால், பொருள் காப்பீட்டுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

திருட்டைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவில் உள்ள திருட்டுக் காப்பு மிகக் குறுகியது. தீயோ வெள்ளமோ போன்ற காப்பிலடங்கிய நிகழ்வு நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கே அது பணம் தரும். சாதாரண நாளில் பூட்டை உடைத்து நடக்கும் களவுக்கு வேறு காப்பு வேண்டும். இதைத்தான் வீட்டுடைமையாளர் தொகுப்புப் பாலிசியில் களவுப் பிரிவு தருகிறது. அதே தொகுப்பில் கருவிப் பழுது, கண்ணாடி உடைவு, வீட்டுக்கு வந்தவருக்கு ஊறு நேர்ந்தால் எழும் சட்டப் பொறுப்பு ஆகியவற்றையும் வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம்.

களவுப் பிரிவில் வலுக்கட்டாயமாக உள்ளே புகுந்த தடயம் கேட்கப்படும். வீடு தொடர்ந்து குறித்த நாட்களுக்கு மேல் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தால், முன்கூட்டித் தெரிவித்து இசைவு பெறாவிடில், காப்பு நின்றுவிடும் என்ற விதியும் பெரும்பாலும் இருக்கும். ஊரில் முன்னோர் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் குடும்பங்கள் இந்த விதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அந்த வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும், பாகப்பிரிவினை ஆகியிருக்காது, மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெயரில் பாலிசி இருக்கும். இழப்பு நேர்ந்தால் அந்த வீட்டில் அவருக்குள்ள உரிமை எவ்வளவு என்ற கேள்வி எழும். பாலிசி எடுக்கும்போதே எல்லாப் பங்காளிகள் பெயரையும் சேர்த்துவிட்டால், நெருப்பு அணைந்த பிறகு வழக்கு மூளாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் முழுக் கட்டடத்துக்கும் சங்கம் காப்பெடுத்திருக்கிறதா என்று கேட்டறிந்த பின், தம் வீட்டின் உட்பகுதிக்கும் பொருள்களுக்கும் எடுப்பது முறை.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள், வங்கியிலேயே காப்பீடு போட்டுவிட்டார்கள் என்று நிம்மதியாக இருப்பதுண்டு. அங்கே போட்டது பெரும்பாலும் எது என்று பார்க்க வேண்டும். கடன் பெற்றவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு ஒன்று. வீடு சேதமுற்றால் பணம் தரும் சொத்துக் காப்பீடு மற்றொன்று. முதலாவது பத்திரத்தைக் காட்டி வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் பெற முடியாது. இரண்டாவது இருந்தாலும், அது வீட்டின் முழுக் கட்டுமானச் செலவுக்கா, கடன் தொகைக்கு மட்டுமா என்று பார்க்க வேண்டும். அடமானம் தீரும்வரை இழப்பீட்டில் வங்கிக்கே முதல் உரிமை. 12 இலட்சம் கடனுக்கு மட்டும் காப்பு எடுத்த 25 இலட்சம் வீடு முற்றிலும் போனால், கடன் தீரும், வீடு திரும்பாது. கடன் பெற்ற குடும்பங்கள் இந்த வாரத்திலேயே அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, பிரீமியத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குக் கிடைத்த வரிவிலக்கு வீட்டுக் காப்பீட்டுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருக்க வேண்டும்.

இழப்பு நேர்ந்தால், முதலில் உயிர்களைக் காத்து, பின் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தீயெனில் தீயணைப்புத் துறைச் சான்று, களவெனில் காவல்துறை முதல் தகவல் அறிக்கை. சேற்றைக் கழுவுமுன், எரிந்ததை அள்ளுமுன் படமெடுத்துவிட வேண்டும். நனைந்த மெத்தையையும் கெட்டுப்போன கருவியையும் சர்வேயர் என வழங்கும் இழப்பு மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை தூக்கி எறியலாகாது. வெள்ளம் வடிந்த வீட்டில் இது எளிதன்று, ஆயினும் வேண்டும். 2024இல் ஆணையம் வகுத்த விதிப்படி, மதிப்பீட்டாளரை 24 மணி நேரத்துக்குள் நியமித்து, 15 நாட்களில் அறிக்கை பெற்று, அதன்பின் 7 நாட்களில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். இடிபாட்டை அகற்றும் செலவும், பொறியாளர் கட்டணமும் வரம்புக்குட்பட்டுக் கிடைக்கும். பலர் இவற்றைக் கேட்பதே இல்லை.

மறுப்போ தாமதமோ நேர்ந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம். ஒரு மாதத்துக்குள் தீர்வு வரவில்லை என்றாலோ, வந்த தீர்வு நிறைவளிக்கவில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் அது. 50 இலட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அங்கே கட்டணமின்றி விசாரிப்பார்கள், வழக்குரைஞர் தேவையில்லை. பாலிசியின் நகலையும், பொருள் பட்டியலையும், சுவர்களின் படங்களையும் வேறு ஊரில் வாழும் மகனிடமோ மகளிடமோ ஒரு படி கொடுத்து வைத்திருந்தால், பீரோவே வெள்ளத்தில் போன நாளிலும் அந்த மனுவை எழுத முடியும்.